வலைக்குள் வலை

புதுக்கடை என்றதும் கொழும்பு வாசிகளின் நினைவுக்கு முதலில் வருவன நீதிமன்றங்களே. 1656 ஆம் ஆண்டில், போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்புக் கோட்டையைக் கைப்பற்ற வந்து, அந்த முற்றுகையிலேயே உயிர் துறந்த ஹல்ஃப்ட் என்னும் ஒல்லாந்தத் தளபதியின் பெயரை ஆங்கிலத்தில் இன்றும் சுமந்து நிற்கும் அந்த மேட்டிலே, கறுப்பு அங்கி அணிந்த சட்டத்தரணிகளும், கட்டுக் கட்டாக உறுதிகளை ஏந்திய குமாஸ்தாக்களும், முகம் வாடிய வழக்காளிகளுமாகக் காலை வேளையில் கூட்டம் அலைமோதும். அவ்வழியாகக் கொட்டாஞ்சேனைக்கு நடந்து சென்ற ஒரு நாளில், தேநீர் அருந்த நாம் ஒரு கடையில் அமர்ந்தோம். எதிரே இருந்த முதியவர் ஒருவர் காணிப்படம் ஒன்றை மேசையில் விரித்து வைத்திருந்தார். இரண்டு பேர்ச் நிலத்துக்காக அயலவருடன் வழக்காம்.

"நீதவான் இலங்கைப் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியுமா, ஐயா? அந்தப் படத்தில் என் வேலி எங்கே தெரியும்? அதற்காக நில அளவையாளர் இலங்கை முழுவதையும் அளந்துகொண்டு வரவும் வேண்டாம். என் எல்லையை மட்டும் அங்குலம் அங்குலமாக அளந்தால் போதும்" என்றார் அவர்.

முதியவர் சொன்னது வழக்குக்கு மாத்திரம் உரிய நியாயமன்று. ஓடும் நீரையும் வீசும் காற்றையும் கணனியிற் கணக்கிடும் விஞ்ஞானிகள் பல்லாண்டு முயன்று கண்ட ஓர் உண்மை அதனுள் அடங்கிக் கிடக்கிறது. அதனை நம் வாசகர்களுக்கும், சிறப்பாக மாணவ மாணவியருக்கும், எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டியது நம் வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி. அலைகளைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், சுனாமி வந்தபோது அம்மம்மாவின் தெருவில் ஒரு வீடும் மிஞ்சவில்லையாம். சற்றுத் தள்ளியிருந்த தெருவில் மதில்கூட விழவில்லையாம். அம்மா இன்றும் சொல்லிச் சொல்லி அழுவார். அலைக்குக் கண் இருந்ததா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் மௌனமாயிற்று. "இருந்து கேள், தம்பி, இதற்கு விடை உண்டு. ஆனால் ஒரு நாளிற் சொல்லி முடியாது" என்றோம்.

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி, அன்றைய இலங்கை நேரப்படி காலை 6 மணி 58 நிமிடமளவில், சுமாத்திராத் தீவின் அருகே கடலடி நிலம் பிளந்தது. இரண்டு மணித்தியாலத்துக்குள் பேரலை நம் கீழைக் கரையை அடைந்துவிட்டது. இந்நாட்டில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும் பகுதியினரை இழந்தது அம்பாறை மாவட்டமே. அலை தென்முனையைச் சுற்றி வளைந்து மேற்குக் கரையையும் தாக்கியது. பெரலியவில் நின்ற புகையிரதத்தைப் புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது.

அந்தப் பெரலியவிலே அலை ஏறத்தாழ 10 மீட்டர் உயர்ந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் உட்புகுந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹிக்கடுவையிலோ அது 2, 3 மீட்டர் உயரமே எழுந்து 50 மீட்டரளவில் நின்றுவிட்டது. பின்னர் அக்கரையை ஆராய்ந்த ஹரிந்திர பெர்னாண்டோ முதலிய அறிஞர்கள் 2005 இல் வெளியிட்ட காரணம் யாதெனில், ஹிக்கடுவையில் முருகைக்கற் பார் பாதுகாக்கப்பட்டிருந்தது. பெரலியவில் அது நெடுங்காலமாகச் சட்டவிரோதமாக அகழப்பட்டிருந்தது என்பதே. அகழ்ந்த இடைவெளி வழியே நீர் வாய்க்காலிற் பாய்வதுபோற் பாய்ந்தது. ஆகவே அலைக்குக் கண் இல்லை. கடலின் அடியில் மனிதன் திறந்துவிட்ட வாசல்களே இருந்தன.

நிற்க. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்த ஓர் அலையின் போக்கை, கடைசியில் சில நூறு மீட்டர் அகலமுள்ள ஓர் இடைவெளி நிர்ணயித்துவிடுகிறது. இத்தகைய அலையைக் கணக்கிட முயல்பவர் பெருங்கடல் முழுவதையும் பார்க்கவேண்டும்; அந்த இடைவெளியையும் பார்க்கவேண்டும். இரண்டையும் ஒருங்கே பார்ப்பது எங்ஙனம்?

நீரும் காற்றும் போன்ற ஓடும் பொருள்களைப் பௌதிக நூலார் பாயி என்பர். பாயிகளின் இயக்கத்தைக் கூறும் சமன்பாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நன்கு வகுக்கப்பட்டுவிட்டன. ஆயினும், கோணல் மாணலான ஒரு கடற்கரைக்கு அவற்றைத் தாளிற் செய்து விடை காண்பது இயலாத காரியம். எனவே கணக்கிடுவோர் கடலின் மேல் ஒரு வலையை விரித்ததாகப் பாவனை செய்வர். பிள்ளைகளின் சதுரக் கொப்பியைப் போல அது கட்டங் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் உயரம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று குறித்துக்கொள்வர். அடுத்த சில விநாடிகளில் பக்கத்துக் கட்டங்களிலிருந்து எவ்வளவு நீர் வரும், எவ்வளவு போகும் என்று கூட்டிக் கழித்துப் புதிய எண்களை எழுதுவர். இதனைத் திரும்பத் திரும்பச் செய்வதே இம்முறையின் சாரம்.

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர், கணனி தோன்றுவதற்கு முன்பே, வானிலையை இவ்வாறு கையாற் கணக்கிட்டுப் பார்த்தார். 1910 மே 20 ஆம் திகதிக்குரிய ஆறு மணி நேர மாற்றத்தை அவர் கணித்தபோது, வளியமுக்கம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையிலோ அன்று வளிமானி அசைந்ததே சொற்பம். 1922 இல் வெளியிட்ட தம் நூலில் அத்தோல்வியை அவர் ஒளிக்கவில்லை. 64,000 பேர் ஒரு மண்டபத்தில் அமர்ந்து கணக்கிட்டால் வானிலையின் ஓட்டத்தோடு ஓடலாம் என்று அதே நூலிற் கனவும் கண்டார். அம்மண்டபத்தின் வேலையை இன்று கணனி செய்கிறது.

"கணனி இருக்கிறதே, வலையை எங்கும் நுண்ணியதாகப் பின்னிவிடலாமே" என்று மாணவர் கேட்கக்கூடும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் ஒரு கட்டம் நான்காகும். அத்துடன் நேரத்தையும் சிறு சிறு படிகளாக வைக்கவேண்டும். அலையானது ஒரு நேரப்படியில் ஒரு கட்டத்துக்கு மேல் தாவிவிட்டால் கணக்குக் குழம்பிவிடும் என்பதைக் கூரான், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்னும் மூவர் 1928 இல் நிறுவினர். ஆகவே நேரப்படிகளும் இருமடங்காகும். மொத்த வேலை எட்டு மடங்காகும். இந்து சமுத்திரத்தின் பரப்பு ஏறத்தாழ 7 கோடி சதுரக் கிலோமீட்டர். அதனை 25 மீட்டர்ச் சதுரங்களாக வகுத்தால் 11,200 கோடி கட்டங்கள் வரும்! ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கான முறை கணக்குப் போடவேண்டும். அதிற் பெரும் பகுதி வீண் உழைப்பு. ஏனெனில் அலை இன்னும் வந்து சேராத நடுக்கடலில் எந்தக் கட்டத்திலும் எதுவுமே நிகழ்வதில்லை.

இங்கே இயற்கையே நமக்கு ஒரு வழி காட்டுகிறது. சுனாமி போன்ற நெடிய அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தைப் புவியீர்ப்பு ஆர்முடுகலாற் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வேகம் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் அது விநாடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர். அஃதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். 10 மீட்டர் ஆழத்திலோ விநாடிக்கு 10 மீட்டர்தான். அரை மணிக்கு ஒரு முறை எழும் அலையென்று கொள்வோம். நடுக்கடலில் அதன் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைத்தூரம் 360 கிலோமீட்டர். கரையருகில் அதே அலை 18 கிலோமீட்டராகச் சுருங்கி, உயர்ந்தும் எழும். 14 கிலோமீட்டர்க் கட்டங்கள் நடுக்கடல் அலையை இருபத்தைந்துக்கும் மேற்பட்ட புள்ளிகளால் அழகாகக் காட்டும். கரையலைக்கோ அக்கட்டம் ஒன்றே கிட்டத்தட்ட முழு அலையையும் விழுங்கிவிடும். ஆழத்தில் அகன்ற வலை. கரையில் நுண்ணிய வலை. தேவை இவ்வளவே.

நம் வடகிழக்குக் கரைகளிற் கரைவலை இழுப்போரைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையன்று. இரு புறமும் நீளும் வலைப்பகுதியிற் கண்கள் அகன்றிருக்கும். மீன் வந்து திரளும் மடியிலேதான் கண்கள் நெருங்கிப் பின்னப்பட்டிருக்கும். முழு வலையையும் மடிபோலப் பின்னினால் நூலும் நட்டம், இழுப்பவர் தோளும் நட்டம்.

ஆனால் கடற்றொழிலாளியின் மடி ஓரிடத்தில் நிலைத்தது. அலையோ ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆதலின் நுண்ணிய வலையும் அலையோடு கூட ஓடவேண்டும். இதனைச் செய்துகாட்டியவர் மார்ஷா பெர்கர் என்னும் அமெரிக்கக் கணிதப் பேரறிஞர். ஜோசப் ஒலிகர் என்பவருடன் சேர்ந்து 1984 இல் அவர் வெளியிட்ட முறையின்படி, எவ்விடத்தில் எண்கள் விரைந்து மாறுகின்றன என்று கணனியே சோதித்து, அக்கட்டங்களுக்கு அடையாளமிடும். அடையாளமிட்ட கட்டங்களை நீள்சதுரங்களாகத் திரட்டி, அவற்றின் மேல் நுண்ணிய வலையொன்றை விரிக்கும். தேவையானால் அதற்குள் இன்னும் நுண்ணியதொன்றை விரிக்கும். அலை கடந்துபோனதும் அவ்வலையைச் சுருட்டிவிட்டு வேறிடத்தில் விரிக்கும்.

இம்முறை நம் தமிழ்க் கரையொன்றையே தேடி வந்த கதையைக் கேளுங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரண்டால் லெவெக், டேவிட் ஜோர்ஜ் ஆகியோர், 2004 இன் பேரலையைச் சுமாத்திராவிலிருந்து சென்னைத் துறைமுகம் வரை இவ்விதம் கணக்கிட்டனர். முதல் வலையின் கட்டம் ஒரு பாகை. அஃதாவது 111 கிலோமீட்டர். அத்தகைய கட்டங்களில் நம் இலங்கை முழுவதன் பரப்பும் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும். வெள்ளவத்தையும் புதுக்கடையும் முகத்துவாரமும் ஒன்றுக்குள் ஒளிந்துகொள்ளும். அலை ஓடும் இடங்களில் அதனை எட்டாக வகுத்தனர். கட்டம் 14 கிலோமீட்டராயிற்று. கரையோரங்களில் மீண்டும் எட்டாக வகுத்தனர், 1.7 கிலோமீட்டராயிற்று. சென்னைத் துறைமுகத்தருகில் மாத்திரம் அதனை அறுபத்து நான்காக வகுத்தனர். ஏறத்தாழ 27 மீட்டராயிற்று. ஒரு பெருங்கட்டத்தின் ஒரு பக்கத்தில் 4,096 சிறுகட்டங்கள்! துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர்களே வலையிற் புலப்பட்டன. கடல் முழுவதும் நுண்வலை விரிக்காமலே இவ்வளவும் முடிந்தன என்பதுதான் வியப்பு. கரையருகில் அலை மெதுவாக நகர்வதால், அங்கே நேரப்படிகளை அத்தனை மடங்கு சுருக்க வேண்டியிருக்கவில்லை என்பதும் அவர்களுக்கு வாய்த்த இலாபம்.

இரண்டு வலைகள் ஓரிடத்திற் சேரும்போது சிக்கல்களும் உண்டு. இல்லத்தரசியர் இதனை எளிதில் உணர்வர். அன்றாடச் செலவுக்கு ஒரு சிறு கொப்பி, மாதக் கணக்குக்கு ஒரு பெரிய கொப்பி என இரண்டு வைத்திருக்கும் வீட்டில், இரண்டின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பணம் காணாமற் போயிற்று என்று பொருள். அவ்வாறே பெரிய கட்டத்திலிருந்து வெளியேறியதாக எழுதிய நீரும், சிறிய கட்டங்களுக்குள் நுழைந்ததாக எழுதிய நீரும் துளியும் பிசகாது ஒத்திருக்கவேண்டும். ஒவ்வாவிடின் இல்லாத நீர் கணக்கிற் பிறக்கும். இருந்த நீர் மறையும். ஆகவே ஒவ்வொரு பெரும்படியின் முடிவிலும் சிறு கொப்பியின் தொகையைக் கொண்டு பெரிய கொப்பியைத் திருத்துவர்.

மற்றொரு சிக்கல் பொய்யெதிரொலி. நுண்ணிய வலையில் வாழும் சிற்றலை அகன்ற வலையின் எல்லையை எட்டியதும், அங்கே தன்னைத் தாங்கக் கட்டம் போதாமையால், சுவரில் மோதியதுபோலத் திரும்பிவிடும். கடலில் இல்லாத அலை கணனியில் உண்டாகும். அதனால் நுண்வலையைச் சற்று அகலமாகவே விரித்து, தேவையான பகுதியை நடுவில் வைப்பது வழக்கம்.

இனி, இவை யாவற்றினும் முக்கியமானதொன்றைச் சொல்லவேண்டும். வலையை எவ்வளவு நுண்ணியதாகப் பின்னினாலும், கடலடியின் வடிவம் தெரியாவிட்டாற் பயனில்லை. ஒரு கிலோமீட்டருக்கு ஓர் ஆழமே அளந்திருக்கும் கரையில் 27 மீட்டர்க் கட்டங்களை விரிப்பது, தெளிவற்ற புகைப்படத்தை உருப்பெருக்கியால் நோக்குவதை ஒக்கும். படம் பெரிதாகும், முகம் தெரியாது. ரிச்சர்ட்சனுடைய கணக்கைக் கெடுத்ததும் அவருடைய கணிதமன்று. தொடக்கத்தில் அவர் கையில் இருந்த அளவுகள் ஒன்றோடொன்று இசையாமையே. பெரலியவின் முருகைக்கற் பார் அகழப்பட்டிருந்ததை அறியாத கணனி, அங்கே பார் இருப்பதாகவே எண்ணி, ஊர் தப்பிவிட்டது என்று தயங்காமற் கூறியிருக்கும்.

இதனால் நுண்வலையை எங்கே விரிப்பது என்பது வெறும் கணிதக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை. துறைமுகமும் பெருநகரும் உள்ள கரைகளுக்கு ஆழ அளவுகள் உண்டு; அங்கே வலை நுணுகும். சிறு மீன்பிடிக் கிராமங்களின் கரைகள் அளக்கப்படாதிருப்பின், அவை பெருங்கட்டத்துள் ஒரு சராசரி எண்ணாகக் கரைந்துபோகும். சராசரியில் அம்மம்மாவின் தெருவும் இல்லை. அடுத்த தெருவும் இல்லை. நல்ல வேளையாக, நம் நாட்டு அறிஞர்கள் இதனை உணர்ந்துள்ளனர். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பொறியியலறிஞர் விஜேதுங்க காலி, ஹம்பாந்தோட்டை, திருகோணமலை முதலிய ஊர்களில் நீர் புகுந்த விதத்தைக் கணித உருக்களால் ஆராய்ந்தவர். ஹம்பாந்தோட்டையின் மணல்மேடுகள் நீரைத் தடுத்த அளவையும் அவர் ஆய்ந்துள்ளார். மணல்மேடு ஒன்று கணக்கில் ஏறவேண்டுமானால், வலையின் கண் அம்மேட்டினும் சிறியதாக இருந்தாக வேண்டுமன்றோ!

காலமும் ஒரு பெரும் நிபந்தனை. அலை வந்து சேர இரண்டு மணித்தியாலம் என்றால், மூன்று மணித்தியாலத்தில் வரும் சரியான விடையால் யாருக்கு என்ன பயன்? 2004 இல் இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை ஏற்பாடே இருக்கவில்லை. இந்தியா 2007 இல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் ஒன்றை நிறுவியது. நேரக்கூடிய பற்பல நிலநடுக்கங்களுக்கான அலைகளை முன்கூட்டியே கணக்கிட்டு அங்கே சேமித்து வைத்துள்ளனர். நிலம் அதிர்ந்ததும் அதற்கு ஒத்த விடையை எடுத்துக்கொள்வர். பரீட்சைக்கு முதல் நாள் இரவு மட்டும் விழித்திருந்து படிக்கும் மாணவர்கள் இதைக் கவனிப்பார்களாக! 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை உரிய வேளையில் வந்தது. நம் கரையோர மக்கள் மேட்டு நிலங்களுக்குச் சென்றனர். அன்று பேரலை எழவில்லை. வீணாக ஓடினோம் என்று சிலர் முணுமுணுத்தனர். வீணாக ஓடிய ஓட்டம் ஒருநாளும் நட்டமன்று.

சில வாரங்கள் கழித்து, இவ்விவரங்களையெல்லாம் வகுப்பிற் சொல்லி முடித்தோம். கேள்வி கேட்ட மாணவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "அப்படியென்றால், சேர், எங்கள் ஊர்க் கடலின் அடியை யாராவது அளந்திருக்கிறார்களா?" என்று கேட்டான். முதலில் கேட்டது துயரத்தின் கேள்வி. இரண்டாவது கேட்டது விஞ்ஞானத்தின் கேள்வி. "படித்து முடித்து நீயே போய் அள, தம்பி" என்றோம். அவன் சிரிக்கவில்லை, தலையசைத்தான்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. கரையோரத்தில் வாழும் குடும்பங்கள் தம் கண்முன்னே உள்ள முருகைக்கற் பாரையும் மணல்மேட்டையும் கண்டற் காட்டையும் காப்பதே முதற் காவல். கணிதம் அவற்றின் பெறுமதியைச் சொல்லும். அவற்றை உண்டாக்கித் தராது. பிள்ளைகளுக்கோ, எல்லாவற்றையும் ஒரே அளவிற் பார்க்க முயலாமல், முழுவதையும் ஒரு முறை பரந்து நோக்கி, பின்னர் எங்கே கூர்ந்து நோக்கவேண்டுமோ அங்கே கூர்ந்து நோக்கும் பழக்கத்தைக் கற்பியுங்கள். கடலுக்குப் பொருந்துவது பாடத்துக்கும் பொருந்தும்.

அண்மையில் மீண்டும் புதுக்கடைப் பக்கம் சென்றபோது அந்த முதியவரைக் கண்டோம். வழக்கு இன்னும் முடியவில்லையாம். ஆனால் அளவையாளர் வந்து எல்லைக் கற்களை நட்டுவிட்டாராம். "இனி என் வேலி எங்கே என்று எனக்குத் தெரியும், ஐயா" என்றார். நம் கரையோர ஊர் ஒவ்வொன்றும் தன் கடலைப் பற்றி அவ்வாறு சொல்லும் நாள் வரவேண்டும்.